என் கல், மூடியாச்சு

நாள் 131. 09:10

காற்று சரி. மின்சாரம் சரி. சோதனை மேஜையில் பதினாலு கம்ப்யூட்டர் போர்டு, பதினாலும் ஓடுது.

இதை யார் எடுத்துப் படிக்கிறீங்களோ, உங்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்லிடறேன். என் பேர் மங்கையர்க்கரசி. நிலாவைச் சுத்துற இந்தச் சின்ன நிலையத்துல நான் ஒருத்திதான். ‘நாழிகை’ன்னு ஒரு கெர்னல். விண்கலத்தோட கம்ப்யூட்டருக்கு அடிமட்டத்துல உட்கார்ந்துக்கிட்டு, எந்த வேலை முதல்ல, எது காத்திருக்கணும்னு தீர்மானிக்கிற மேஸ்திரி. இந்த மேஸ்திரிகிட்ட சரியான விடை மட்டும் போதாது, சொன்ன நேரத்துக்கு வரணும். அரை விநாடி லேட்டா வந்த சரியான விடையும் தப்பு விடைதான். அதுல பாதியை எழுதினவ நான். கதிர்வீச்சுல அது எப்படி ஓடுதுன்னு பார்க்க என்னை இங்கே வச்சிருக்காங்க.

கூடவே இன்னொரு வேலை. புதுசா கத்துக்கிறவங்க பூமியில இருந்துக்கிட்டே நெட் வழியா இந்தப் போர்டுகள்ல ஏறி, கெர்னல்ல பக், அதாவது நிரல்ல இருக்கிற தப்பு, தேடிப் பழகுவாங்க. அவங்களுக்காக நாழிகையோட ஒரு பயிற்சிப் பிரதியில நானே பன்னிரண்டு பக் ஒளிச்சு வைப்பேன். அரிசியில கல்லைக் கலந்து பொறுக்கச் சொல்ற மாதிரி. எங்க பேச்சுல அதுக்குப் பேரே ‘கல்’. ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதினா, ‘என் கல், மூடியாச்சு’ன்னு போட்டு மூடிடுவேன். நிஜமா பறக்கிற கலங்கள்ல என் கல் ஒண்ணும் கிடையாது, பயப்படாதீங்க.

நான் மேலே வர்றதுக்கு முன்னாடியும் வந்தப்புறமுமா இதுவரைக்கும் அஞ்சு பயிற்சி அணி முடிஞ்சுது. இன்னைக்கு ஆறாம் அணி. பத்தொன்பது பேர். ஒருத்தர் முதல் கேள்வியிலேயே ‘மேடம், இதை ஆன் பண்றது எப்படி’ன்னு கேட்டார். கடவுளே, எனக்குப் பொறுமையைக் கொடு.

நாள் 133. 11:25

காற்று விசிறி ஒரு தடவை நின்னு ஓடுச்சு. பதிவைப் பார்த்தேன். விசிறியைக் கவனிக்கிற வேலை 0.9 விநாடி லேட்டா முழிச்சிருக்கு. அது இந்த நிலையத்துலயே பெரிய வேலை, எல்லாத்துக்கும் முன்னாடி ஓடணும்.

இங்கே ஓடறது பயிற்சிப் பிரதி இல்லை. நாழிகை 6. பறக்கிற கலங்கள்ல இருக்கிற அதே பிரதி. அதனால இது என் கல்லா இருக்க வழியே இல்லை.

நாள் 133. 14:50

மூணு மணி நேரம் தோண்டினேன். கிடைச்சிடுச்சு.

ஒரே கருவியை ரெண்டு வேலை ஒரே நேரத்துல தொடக்கூடாதுன்னு கெர்னல் கொடுக்கிற அனுமதிதான் ‘சாவி’. ஒரு பெரிய வேலைக்கு ஒரு சாவி வேணும். சாவி ஒரு சின்ன வேலை கையில இருக்கு. அப்போ கெர்னல் என்ன பண்ணும்னா, அந்தச் சின்ன வேலைக்கு ஒரு தற்காலிகப் பதவி கொடுக்கும், ‘சீக்கிரம் முடிச்சுட்டுச் சாவியைக் கொடு’ன்னு. சின்ன வேலை கையில ரெண்டு சாவி இருந்து, வாங்கின வரிசைக்கு மாறா திருப்பிக் கொடுத்தா, ஒரு சாவி திரும்பி வந்தவுடனேயே கெர்னல் பதவியைப் பிடுங்கிடுது. பெரிய வேலை கேட்ட சாவி இன்னும் அந்தப் பாவி கையிலேயே இருக்கு. நடுவுல போறவன் வர்றவன் எல்லாம் முந்திக்கிறான். பெரிய வேலை வாசல்ல நிக்குது, 0.9 விநாடி.

எழுதினது நான்தான். வரி எண் 2,214. என் எழுத்து, என் பேர்.

நாள் 133. 15:40

இதை நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன்.

அஞ்சாம் அணியில மரியபுஷ்பம்னு ஒரு அக்கா இருந்தாங்க. ஐம்பத்தேழு வயசு. ரயில்வேல சிக்னல் பராமரிப்புல இருபத்தெட்டு வருஷம் இருந்துட்டு, ஓய்வு வாங்கினப்புறம் இதைக் கத்துக்க வந்தவங்க. ஊர் மணப்பாடு. நாலு மாசத்துக்கு முன்னாடி அவங்க எழுதினது இது:

“மேடம், பெரிய வேலை வாசல்ல காத்துக்கிட்டு கெடக்கு, சின்ன வேலை சாவிய வச்சுக்கிட்டு ஒறங்குது. ஆறாயிரம் தடவ ஓட்டுனதுல நாலு தடவ வந்துச்சு. என்னான்னு பாருங்க.”

அன்னைக்கு என் பதில்: ஏழாம் கல். என் கல், மூடியாச்சு. வாழ்த்துகள்.

ஏழாம் கல்லும் அப்படித்தான், ஒரு வேலையை லேட்டா எழுப்பி விடும். அறிகுறி ஒண்ணு. நான் உள்ளே போய்ப் பார்க்கலை. ஏன் பார்க்கணும், நான் போட்ட கல் எனக்குத் தெரியாதா? அவங்க விடலை.

“மேடம், ஏழாம் கல்லுன்னு சொன்னிய. எனக்கு அப்பிடித் தோணல. சிக்னல்ல ரயில விடுறதுக்குக் குடுக்குற டோக்கன நாங்க வாங்குன வரிசைக்கு மாறா திருப்பிக் குடுத்தா இதே மாதிரி சிக்கு வரும். ஒருக்கா பாருங்க.”

அதுக்கு நான், மொத்த அணியும் படிக்கிற இடத்துல எழுதினேன்: ‘அக்கா, இது ரயில்வே கேட் இல்லை, கெர்னல். கொடி காட்டினா நிக்காது.’

மூணு பேர் சிரிப்புப் பொம்மை போட்டாங்க. நானும் ஒண்ணு போட்டேன். அதுக்கப்புறம் அவங்ககிட்டேர்ந்து ஒரு மெயில் வந்துச்சு, எனக்கு மட்டும். முதல் வரியைப் பார்த்தேன், மூடிட்டேன். அந்த வாரமே அணியிலேர்ந்து விலகிட்டாங்க.

நாள் 133. 16:30

பழைய கல் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் கல் ரொம்பச் சுலபமா இருக்குன்னு அஞ்சாம் அணிக்கு முன்னாடியே நான் எடுத்துட்டேன். அந்த அணியில ஏழாம் கல்லே கிடையாது.

இல்லாத கல்லுக்கு வாழ்த்து சொல்லியிருக்கேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

நாள் 134. 10:05

விஷயம் இதோட நின்னா என் மானம் மட்டும்தான் போகும். நிக்கலை. நாலு நாள்ல ‘நாரை’ங்கிற இறங்குகலம் நிலாவுல இறங்குது. உள்ளே நாலு பேர். கமாண்டர் ஹபீபா, நாகூர்க்காரங்க, ரெண்டு தடவை ரேடியோவுல என்கிட்ட மீன் குழம்பைப் பத்திப் பேசி ஏங்க வச்சவங்க. அதுல ஓடறதும் நாழிகை 6. தரை எவ்வளவு தூரம்னு அளக்கிறதுதான் அங்கே பெரிய வேலை. கேமரா சின்ன வேலை, ரெண்டு சாவி வச்சிருக்கு. கடைசி முப்பது மீட்டர்ல 0.9 விநாடி தரை தெரியலைன்னா, எஞ்சின் எப்போ நிக்கணும்னு தெரியாது. அவ்வளவுதான், அதுக்கு மேல எழுத வேண்டாம்.

திருத்தம் ஆறு வரிதான். எழுதிட்டேன். ‘சிறு துப்புரவு’ன்னு தலைப்புப் போட்டு அனுப்பினேன். ஆமாம், துப்புரவு. யாருக்கும் தெரியாம சத்தமில்லாம உள்ளே போயிடும்னு நினைச்சேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தேன்.

நாள் 134. 13:20

கட்டுப்பாட்டு அறையிலேர்ந்து சுந்தரவடிவேல்: “மேடம், பிரதியைப் பூட்டியாச்சே, மறந்துட்டீங்களா? துப்புரவு வேலையெல்லாம் நாரை இறங்கினப்புறம் பார்த்துக்கலாம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சிவப்புப் படிவம்.”

சிவப்புப் படிவத்தைத் திறந்தேன். முதல் கேள்வியே இதுதான்: முதலில் பார்த்தவர் யார்? தேதி என்ன?

மூடிட்டேன்.

நாள் 135. 12:00

நேத்திலேர்ந்து ஒண்ணும் பண்ணலை. இதை நான் எழுதி வைக்கணும், ஏன்னா வேற எங்கேயும் எழுத மாட்டேன். நாலு பேர் உயிர் ஒரு பக்கம், ‘மரியபுஷ்பம், நாலு மாசம் முன்னாடி, மூடியது மங்கையர்க்கரசி’ங்கிற ஒரு வரி இன்னொரு பக்கம். இதுல யோசிக்க என்ன இருக்குன்னு கேட்பீங்க. நான் இருபத்தி மூணு மணி நேரம் யோசிச்சேன்.

நாள் 135. 15:15

சிவப்புப் படிவம் அனுப்பிட்டேன்.

முதலில் பார்த்தவர்: மங்கையர்க்கரசி. தேதி: நாள் 133.

திருத்தத்தை ஏத்த நேரமில்லை, தொண்ணூறு மணி நேரம் சோதிக்காம எதையும் ஏத்த மாட்டாங்க. அதனால வழி: இறங்கும்போது கேமராவை நிறுத்தி வைங்க. ‘ரெண்டு சாவி எடுக்கிற வேறு சின்ன வேலை உண்டா’ன்னு படிவம் கேட்டது. தேடினேன். கிடைக்கலை. ‘இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மரியபுஷ்பம் அக்கா எனக்கு மட்டும் அனுப்பின அந்த மெயிலை ஒரு தடவை பார்த்திருக்கலாம். திறக்கக் கூச்சமா இருந்துச்சு. மேலேயே என் ரயில்வே கேட் ஜோக் உட்கார்ந்திருக்கும்.

நாள் 136. 09:30

சுந்தரவடிவேல்: “மேடம், உங்களுக்குச் சுத்திப் போடணும். மூணு வருஷமா யார் கண்ணுலயும் படாததை எப்படிப் பிடிச்சீங்க?”

ஹபீபா: “மங்கை, கேமராவை அமத்திடறோம். ஊர்ல உங்க பேரைச் சொல்லித்தான் நோன்பு திறப்போம் போங்க.”

‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ன்னு சொன்னேன். அடக்கமா வேற சொன்னேன். தூ.

ஆறாம் அணியில பத்தொன்பது பேரும் வாழ்த்து அனுப்பியிருக்காங்க. ஆன் பண்ணத் தெரியாதவர், ‘உங்ககிட்ட கத்துக்கக் கொடுத்து வச்சிருக்கணும் மேடம்’னு எழுதியிருக்கார்.

நாள் 138. 16:12

நாரை இறங்க ஆரம்பிச்சாச்சு. கேமரா நிறுத்தியாச்சு. தரையைத் தொடும் நேரம் 16:42. இப்போ அவங்க பேச்செல்லாம் என் நிலையம் வழியாத்தான் பூமிக்குப் போகுது. கடைசி நிமிஷத்துல ஆண்டெனா என்னை விட்டுட்டு நேரா பூமியைப் பார்க்கத் திரும்பும்.

ஊரே நேரலையில பார்த்துக்கிட்டு இருக்கு. இது நல்லபடியா முடிஞ்சதும் அக்காவுக்கு ஒரு மன்னிப்பு எழுதிடணும், தனியா, ரகசியமா. அதுக்காக அந்த மெயிலைத் திறக்கறேன்.

நாள் 138. 16:21

“மேடம், கோவப்படாதிய. கேட்டோ கெர்னலோ, சாவி சாவிதான. கேமரா மட்டும் இல்ல. ஆண்டெனா ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் திரும்புறப்ப ரேடியோவும் ரெண்டாவதா ஒரு சாவி எடுக்குது, அந்த ஒரு நிமிசம் மட்டுந்தான். வேற நேரம் தேடுனா ஆப்டாது. ஓட்டிப் பாத்தேன், ரெண்டு தடவ வந்துச்சு. இனி ஒங்கள தொந்தரவு பண்ண மாட்டேன். நன்றி மேடம்.”

தேடினா அகப்படாது. நான் தேடினேன். அகப்படலை. ‘இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டேன்.

மைக்கை எடுக்கறேன்.

நாள் 138. 16:24

பொது அலைவரிசையில சொல்லிட்டேன். சொன்னதை அப்படியே எழுதறேன்:

“கட்டுப்பாட்டு அறை, நாரை, மங்கையர்க்கரசி பேசறேன். ஆண்டெனா திரும்பும்போதும் அதே பக் வரும். நான் இல்லைன்னு எழுதிக் கொடுத்தது தப்பு.”

சுந்தரவடிவேல்: “என்ன மேடம் சொல்றீங்க? இப்போ எப்படித் தெரிஞ்சுது? ஓட்டிப் பார்த்தீங்களா?”

“நான் ஓட்டலை. இதை நான் கண்டுபிடிக்கவே இல்லை. மரியபுஷ்பம்னு ஒருத்தங்க நாலு மாசத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சு மூணு தடவை எழுதினாங்க. நான் பயிற்சிக் கல்லுன்னு மூடிட்டேன். படிவத்துல என் பேரைப் போட்டது பொய்.”

ரெண்டரை விநாடி ஆகும் பூமிக்குப் போய்த் திரும்ப.

ஹபீபாதான் முதல்ல பேசினாங்க: “திட்டறதுக்கு நேரமில்லை. அந்தம்மாவை லைன்ல போடுங்க.”

என்ன பண்ணணும்னு நானே சொல்ல ஆரம்பிச்சேன். ஹபீபா மறிச்சாங்க: “நீங்க இல்லை, மங்கை. ஓட்டிப் பார்த்தவங்க.”

நாள் 138. 16:31

அக்கா வீட்டுல நேரலை பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. கட்டுப்பாட்டு அறையில ஏழு நிமிஷத்துல அவங்களை லைன்ல பிடிச்சுட்டாங்க. பின்னாடி குக்கர் சத்தம்.

அக்கா: “அம்மா, அந்த ஆண்டெனா தானா திரும்புதா, நீங்க திருப்புதியளா?”

ஹபீபா: “தானாத் திரும்பும்மா. நிறுத்த வழியில்லை. திரும்பி மேலே ஏறிடலாமா?”

“ஏறுனாலும் அது திரும்பத்தான செய்யும். வேண்டாம். மொத்தமா ரேடியோவ அமத்திப் போடுங்க. ரேடியோ இல்லன்னா அதுக்கு எந்தச் சாவியும் வேண்டாம். யாருகிட்டயும் பேசாதிய, யாரு பேசுறதையும் கேக்காதிய. எறங்கிட்டு பேசுங்க.”

சுந்தரவடிவேல்: “ரேடியோ இல்லாம எப்படிங்க? நாங்க ஒண்ணும் பார்க்க முடியாதே!”

“நீங்க பாத்து என்ன ஐயா செய்யப் போறிய? அவிய பாத்தாப் போதும்.”

ஹபீபா: “சரிம்மா. அமத்தறோம். துஆ பண்ணுங்க.”

“பண்ணுதேன் தாயி. மாதாட்ட சொல்லுதேன்.”

நாள் 138. 16:38

நாரை ரேடியோவை நிறுத்திடுச்சு.

நாள் 138. 16:42

தொட்டிருக்கணும்.

நாள் 138. 16:45

ஒண்ணும் இல்லை. ரேடியோ முழுசா முழிக்க ரெண்டு நிமிஷம் ஆகும். மூணு ஆச்சு.

இருபத்தி மூணு மணி நேரம் யோசிச்சேனே. அந்த இருபத்தி மூணு மணி நேரத்துல அக்கா பேரைப் போட்டிருந்தா, அவங்க கடிதத்தை யாராவது கடைசி வரைக்கும் படிச்சிருப்பாங்க. கலம் இறங்கவே ஆரம்பிச்சிருக்காது. ஹபீபா, பேசுங்க. கெஞ்சறேன், பேசுங்கம்மா.

நாள் 138. 16:49

“நாரை பேசறேன். நாலு பேரும் நல்லா இருக்கோம். ஒரு கால் கொஞ்சம் மடங்கியிருக்கு, கலம் சாஞ்சு நிக்குது. பரவாயில்லை. மரியபுஷ்பம்மா, கேக்குதா? நாலு பேரும் இருக்கோம்.”

கட்டுப்பாட்டு அறையில கத்தறாங்க. நான் தரையில உட்கார்ந்து அழுதேன்னு எழுதலாம்னா, இங்கே தரைன்னு ஒண்ணு இல்லை. மிதந்துக்கிட்டே அழுதேன்.

நாள் 138. 17:20

லைன் இன்னும் திறந்துதான் இருந்துச்சு. எல்லாரும் கேக்கறாங்கன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே அசிங்கப்படுத்தினேன்.

“அக்கா, என்னை மன்னிச்சிருங்க.”

“மன்னிக்கிறது கெடக்கட்டும் மேடம். எனக்கு அன்னைக்கு வயிறு எரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. ஆனா நான் கேக்க வந்தது அது இல்ல. என்னய மாதிரி எத்தன பேர மூடுனிய? அத எண்ணுங்க மொதல்ல.”

நாள் 139. 10:00

படிவத்துல பேரைத் திருத்தியாச்சு. என்னை எல்லா வேலையிலேர்ந்தும் நிறுத்தி வச்சிருக்காங்க. நியாயம்தான். ஆறாம் அணியிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை. அடுத்த கலம் வர்ற வரைக்கும் நான் இங்கேதான் இருக்கணும், அதனால எண்ணறதுக்கு நேரம் இருக்கு.

நாள் 140. 15:30

எண்ணிட்டேன்.

அஞ்சு அணியில ‘என் கல், மூடியாச்சு’ன்னு நான் மூடின ஒவ்வொண்ணையும் பழைய பட்டியலோட ஒத்துப் பார்த்தேன். ஏழு ஒத்து வரலை. அந்த ஏழையும் நான் எங்கேயும் போடலை. ஒண்ணு அக்காவோடது. மீதி ஆறு.

ஆறு என்னன்னு தெரியலை. மூடின அறிக்கையோட சோதனைக் கோப்பெல்லாம் முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். இடத்தை அடைக்குதுன்னு அந்த விதியைப் போட்டவளும் நான்தான். தலைப்பும் ஒரு வரியும்தான் மிச்சம். ‘சில சமயம் நிக்குது.’ ‘எண்ணிக்கை குறையுது, ஏன்னு தெரியலை.’ ‘மேடம், இது கல்தானா?’ இப்படித்தான் இருக்கு.

நாழிகை 6 இப்போ பதினோரு கலத்துல ஓடுது. உள்ளே ஐம்பத்து நாலு பேர். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிட்டேன், இந்தத் தடவை உடனே. ‘எங்கே தேடறது’ன்னு கேட்டாங்க. எழுதினவங்களைத்தான் கேக்கணும்னு சொன்னேன். ஆறு பேரும் அப்பவே விட்டுட்டுப் போனவங்க. நானே எழுதறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

நாள் 141. 11:10

முதல் பதில் வந்துச்சு. ரெண்டாம் அணி, வேம்பு. இப்போ கோவில்பட்டியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்களாம்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? என்னையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களே, சந்தோஷம். நீங்க கேட்டது எதுன்னு எனக்குச் சுத்தமா நினைவு இல்லை. நீங்கதான் அது ஒண்ணுமில்லை, கல்லுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். எனக்கு இந்த வேலை வராதுன்னு அப்பவே புரிஞ்சு போச்சு. எதுக்குக் கேக்கறீங்க மேடம், ஏதாவது ஆச்சா?”

‘இன்னும் ஆகலை’ன்னு எழுதி அனுப்பினேன்.